ஏன் நிற்பாட்டினீர்?

செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கு மூன்றுதான் வருகிறது: கை சுத்தம், வேலை சுத்தம், குடி கிடையாது. மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தாலே என் மனுசன், "விடும், அந்தாள் போயிட்டுது, இனியென்ன" என்று அடக்கிவிடுவார். இன்றைக்கு அவர் கடைக்குச் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருக்கிறார். என்னை அடக்க ஆளில்லை.

மன்னார்த் தீவில் கீரிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் வீதியில் எங்கள் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை. பக்கத்தில் செத்துப்போன அந்த மனிதருடைய கராஜ். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். கட்டையான மனிதர். கராஜ்காரர் என்று சொல்ல முடியாதபடி சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். குரலை உயர்த்திப் பேசியதில்லை, சிரித்ததும் இல்லை. யாராவது பேசினால் தலையைச் சற்றுச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்பார். ஓடுகிற என்ஜினையும் அப்படித்தான் கேட்பார்.

கன காலம் ஓடாமல் கிடந்த பைக்குகளை ஓட வைப்பதில் அந்த மனிதரை விஞ்ச மன்னாரில் ஆளில்லை. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது, பொலித்தீன் சுற்றி மண்ணுக்குள் தாட்டு வைத்த பைக்குகளைத் தோண்டி எடுத்து அவரிடம்தான் கொண்டுவந்தார்கள். அப்போது ஒரு கேள்வி கேட்பாராம்: "ஏன் நிற்பாட்டினீர்?" எப்படி நிற்பாட்டினீர், என்ன ஊற்றி வைத்தீர், தண்ணீர் போனதா, ஓடி விழுந்ததா என்று அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, எதைக் கழற்றுவது என்று முடிவு செய்வார். அது வேலைக்குத் தேவையான கேள்வி. நான் கலியாணம் முடித்து இந்தக் கடைக்கு வந்தபோது அந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகியிருந்தது. மனிதருக்கு அதில் ருசி பிடித்துவிட்டது.

கராஜின் முன்னால் ஒரு நீள வாங்கு. முறைக்குக் காத்திருக்கிறவர்கள், சும்மா பொழுது போக்க வருகிறவர்கள், எல்லோருக்கும் அதுதான் இருக்கை. வாங்கு நிறையும்வரை அவர் கேள்வியைக் கேட்க மாட்டார். நிறைந்த பிறகு, பைக்குக்குச் சொந்தக்காரரை நடுவில் நிற்க வைத்து மெல்லிய குரலில் கேட்பார். சொல்லாவிட்டால் கை வைக்க மாட்டார். பொய் சொன்னால் பைக்கை உருட்டிக்கொண்டுபோய் வீதியோரம் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஊருக்குள் அவரது கராஜுக்குப் பெயரே பாவசங்கீர்த்தனத் தொட்டி. கோயிலில் பாதிரியார் சுவாமியின் காதுக்கு மட்டும் சொல்லுகிற பாவத்தை இங்கே பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்ல வேண்டும். கேட்டதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அதையே பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். "என்ரை வாயிலயிருந்து ஒரு சொல் வெளிய போகாது." உண்மைதான். வாங்கில் இருக்கிற பத்து வாய்கள் போதாதா?

ஒருமுறை எங்கள் பங்குச் சுவாமியே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். சங்கிலி இறுகி, பிரேக் பிடிக்காமல் கிடந்தது. ஏனென்று கேட்டதற்கு, "மழைத் தண்ணி பட்டிட்டுது போல" என்றார் சுவாமி. இவர் ஒரு விரலால் சங்கிலியைத் தடவி நாக்கு நுனியில் வைத்தார்.

"சுவாமி, மழை உப்புக் கரிக்காது" என்றார்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் கீரிக் கடற்கரையில் பைக் ஓட்டப் போட்டி வைக்கிற இளந்தாரிகளைச் சுவாமி பிரசங்கத்தில் வெளுத்து வாங்கியிருந்தார். அந்த இளந்தாரிகளில் பாதிப்பேர் வாங்கில் இருந்தார்கள். சுவாமி நல்ல மனிதர், காது சிவக்கச் சிவக்க, "ஓம், நானும் ஒருக்கா ஓடிப் பாத்தனான்" என்று சொல்லிவிட்டார். நானும் இங்கே தகரத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எல்லாமே இப்படி முடிந்திருந்தால் நானும் அவரைப் பற்றி நாலு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன்.

பிறகு அந்தப் பிள்ளை வந்தது. கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிற பெண்பிள்ளை. கலியாணத்துக்கென்று தகப்பன் எடுத்துக் கொடுத்த ஸ்கூட்டியை, கலியாணம் குழம்பியதும் வீட்டு விறாந்தையில் போர்த்தி வைத்திருந்தார்களாம். திரும்ப ஓடலாம் என்று மனசு தேறிக் கொண்டுவந்தது. "பற்றரி போயிட்டுது" என்று மட்டும் சொன்னது. "பற்றரி ஏன் போனது? ஓடாததால. ஏன் ஓடேல்லை?" என்று இவர் தொடங்கினார். கடைசியில், மாப்பிள்ளை ஏன் வேண்டாமென்றான், யாருக்கு எழுதிய மெசேஜ் அவன் கையில் சிக்கியது, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை வாங்கைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தபடி சொன்னது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் புதுப் பற்றரியைப் போட்டு, பட்டனை அமத்தி, "கொண்டுபோம் பிள்ளை" என்றார். அந்தப் பிள்ளை இன்றும் கச்சேரிக்குப் போக இந்த வீதியால் வருவதில்லை, சுற்றித்தான் போகிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணை, ஒரு பொம்பிளைப் பிள்ளையிட்டை உதெல்லாம் கேக்கிறதே? பற்றரி மாத்த உது என்னத்துக்கு?"

"ஸ்கூட்டி ஓடுதே இல்லையே, தங்கச்சி?"

"ஓடுது. அதுக்கு?"

"பிறகென்ன" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த ஊர், மனுசி பிள்ளைகள் உண்டா, ஏன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார், எதுவும். ஒருநாள் நான் வேண்டுமென்றே கேட்டேன். "ஆக்களை உப்பிடிக் கேக்கிறியள், நீங்கள் ஏனண்ணை தனிய இருக்கிறியள்?" என்னைப் பார்த்து, "என்னை ஆரும் திருத்தக் கொண்டுவரேல்லையே" என்றார். கொழுப்பைப் பாருங்கள்.

இனி விடத்தல்தீவுக்காரரின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மீன் ஏற்ற வருகிற கூலர் லொறியின் மேல் கட்டி ஒரு டேர்ட் பைக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உயரமான பைக், மொத்தமான ரயர், சேறு மணல் எல்லாம் ஓடக்கூடியது. ஆனால் அதன் கோலத்தைப் பார்த்தால் கண்ணீர் வரும். வலைக் குவியலுக்கு அடியில் வருசக்கணக்காகக் கிடந்திருக்கிறது. டாங்கி முழுக்கத் துருப்பிடித்துக் கறள். சீட்டுக்குள் எலி கூடு வைத்திருந்தது. காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் பசையாக இறுகிப் போயிருந்தது.

கூட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்த விடத்தல்தீவுக்காரர், ஐம்பது வயதுக் கடல் தொழிலாளி, மெலிந்த, கூச்சமான மனிதர். மற்றவள் அவருடைய செத்துப்போன தம்பியின் மனுசி. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கராஜ்காரர் உள்ளே பைக்கைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் கடைக்குள் வந்து கதிரையில் இருந்தாள். கேட்காமலே எல்லாம் சொன்னாள்.

தமையனும் தம்பியும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கிய பைக்காம். ஒருநாள் தம்பி தனியாக, குடித்துவிட்டு அந்தப் பைக்கை ஓட்டிக் கரையோரப் பாதையில் விழுந்து செத்துப்போனார். தூக்கப் போனவர்கள் எல்லாருக்கும் சாராயம் மணத்ததாம். மகள் அப்போது கைக்குழந்தை.

"கல்லறைத் திருநாளுக்குச் சனமெல்லாம் மெழுகுதிரி கொளுத்தும். நான் ஒருநாளும் கொளுத்தினதில்லை, அக்கா. குடிக்கமாட்டன் எண்டு என்ரை பிள்ளையின்ரை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவர். அண்டைக்கே குடிச்சுப்போட்டுச் செத்தவர். எனக்கு மனம் வரேல்லை" என்றாள்.

"அப்ப ஆர் உங்களைப் பாக்கிறது?"

"வெளியில நிக்கிற பெரியத்தான்தான். தான் கலியாணமும் கட்டேல்லை. ஒரே வளவுக்குள்ள இருக்கிறம். பிடிக்கிற மீனில முதல் பங்கு எங்கடை குசினிக்குத்தான் வரும். மகள் அவரைத்தான் அப்பா எண்டு கூப்பிடுறது. அவர் இல்லையெண்டா நானும் பிள்ளையும் எந்தக் கடலில விழுந்திருப்பமோ."

இப்போது அவருக்குக் கடலட்டைப் பண்ணையில் காவல் வேலை. சேற்றுப் பாதையில் அவருடைய சின்ன பைக் புதைந்து புதைந்து நிற்கிறதாம். கறள் பிடித்துக் கிடக்கிற அந்தப் பைக்கை எடுங்கோ என்று இவள்தான் நச்சரித்திருக்கிறாள். அவர் வேண்டவே வேண்டாம் என்றாராம். "செத்தவரை நினைச்சுக் கவலைப்படுறார். நான்தான் பிடிவாதமா நிண்டு லொறியில ஏத்திவிச்சனான்" என்றாள்.

அன்று வாங்கில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆகவே கராஜ்காரர் கேள்வி கேட்கவில்லை. "விட்டுட்டுப் போங்கோ, சனிக்கிழமை வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். சனிக்கிழமைதான் அவருக்கு வாங்கு நிறையும்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை என்றால் அது வேலை. ப்ளக் துவாரத்தால் ஒயில் ஊற்றி ஊற விட்டு, இறுகிக் கிடந்த என்ஜினைக் கையால் மெல்ல மெல்ல அசைத்து இளக்கினார். டாங்கிக்குள் சின்னக் கற்களும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கறளைக் கழுவினார். காபரேட்டர் கிற், ப்ளக், கேபிள், ரியூப் என்று என்னிடம்தான் வந்து வந்து வாங்கினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் தகரச் சுவர் அதிர அந்தப் பைக் கனத்த சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. நான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிற்பாட்டினார். அந்தப் பெண்ணுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். போகும்போது அவர் பைக்கில், அவள் பஸ்ஸில் என்று ஏற்பாடு. "நான் உதில ஏறமாட்டன், அக்கா. அதைக் கண்டாலே வயிறு பத்துது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனாள். வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். நானும் வாசலுக்கு வந்தேன்.

"ஸ்டார்ட் வருகுதில்லை" என்றார் இவர்.

நேற்று ஓடியது திரும்ப நின்றுவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். பழைய பைக், அப்படித்தான் குணம் காட்டும்.

"ஏன் நிற்பாட்டினீர்?" என்று கேட்டார்.

"தம்பி விழுந்து செத்துப்போனான். அதோட வைச்சிட்டம்" என்றார் விடத்தல்தீவுக்காரர்.

"தனிய ஓடினவரோ?"

"ஓம்."

இவர் குனிந்து, பின்னால் இருக்கிறவர் கால் வைக்கிற மிதியைக் காட்டினார். இடது பக்க மிதி பின்பக்கமாக வளைந்து முறுகிக் கிடந்தது. "ஆளில்லாட்டி உது மேல மடிஞ்சு கிடக்கும். உதைப் பாரும், விரிச்சபடி வளைஞ்சிருக்கு. பின்னால ஒரு ஆள் கால் வைச்சிருந்திருக்கு."

விடத்தல்தீவுக்காரர் மிதியைத் தொட்டுப் பார்த்தார். "ஆரோ கூட்டாளியை ஏத்தியிருப்பான்" என்றார்.

"சரி. முன்னால பாரும். ஹான்டில் நேர். பிரேக், கிளச் எல்லாம் நேர். முன்மிதியில ஒரு கீறல் இல்லை. ஓடினவனுக்கு ஒண்டும் நடந்திருக்காது. பின்னால இருந்தவன்தான் முழுசா அடிபட்டிருக்கிறான். அப்ப அந்தக் கூட்டாளியெல்லே செத்திருக்கோணும்?"

இதைச் சொல்லிவிட்டு அவர் பேசாமல் நின்றார். அதுதான் அவருடைய கெட்டித்தனம். மிச்சக் கேள்வியை அவர் கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

அவள் பைக்கைப் பார்த்தாள். வளைந்த மிதியைப் பார்த்தாள். பிறகு அந்த மனிதரைப் பார்த்தாள்.

"பெரியத்தான், ஆர் ஓடினது?"

அவர் ஒயில் தரையில் அப்படியே குந்திவிட்டார். எழும்பிப் போ மனிதா, எழும்பிப் போ என்று மனசுக்குள் சொன்னேன். போகவில்லை. இத்தனை வருசம் அடக்கி வைத்தது, ஒரு துவாரம் கண்டதும் கொட்டத் தொடங்கிவிட்டது.

"நான்தான் ஓடினனான். அவன் வேண்டாமெண்டவன். நான் குடிச்சிருந்தனான், கேக்கேல்லை. நீ பின்னால ஏறு எண்டனான். போத்திலையும் அவன்ரை கையில குடுத்தனான். விழேக்கை அது உடைஞ்சு அவன்ரை சேட்டெல்லாம் ஊத்துப்பட்டிட்டுது. அவன் ஒரு சொட்டும் வாயில வைக்கேல்லை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

"பயந்திட்டன். பைக்கையும் அவனையும் அங்கயே விட்டுட்டு வீட்டை ஓடி வந்து படுத்திட்டன்."

"ஓடி வரேக்கை அவருக்கு உயிர் இருந்ததே?"

அவர் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார். நான் அவரைப் பிடித்துத் தூக்க ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் இந்த மனிதர், தலையைச் சாய்த்தபடி, கண்ணைக்கூடத் திறக்காமல், மிக மெல்லிய குரலில் சொன்னார்.

"கேக்கிறாவெல்லே. சொல்லும்."

"இருந்தது" என்றார் அவர். "அண்ணை தண்ணி தா எண்டு கேட்டவன்."

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள், அவ்வளவுதான். வாங்கில் இருந்த ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

இவர் கண்ணைத் திறந்தார். என்ஜின் பக்கம் குனிந்து, ப்ளக்கிலிருந்து கழற்றி விட்டிருந்த வயரைத் திரும்ப மாட்டினார். பெற்றோல் குழாயைத் திருகினார். ஒரு உதை. பைக் முழுச் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பைக்குக்கு ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே வயரைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மனிதரை நடுவில் நிற்க வைத்திருக்கிறார்.

"நேற்றே ஓடினதெல்லே" என்று கத்தினேன். "என்ரை காதால கேட்டனான். பிறகேன் உந்த மனிசனைப் பிழிஞ்சனீங்கள்?"

"ஓம், ஓடினதுதான்" என்றார். "மிதியைப் பாத்தவுடன எனக்கு ஒரு சந்தேகம். தெரியோணும்போல கிடந்தது."

தெரிய வேண்டும் போல இருந்ததாம். செத்தவனின் பெயர் சுத்தமானது நல்லதுதானே, அது தேவையில்லையா என்று என் மனுசன் இன்றும் கேட்பார். தேவைதான். ஒரு பாவமும் செய்யாத மனிதன், மனுசியின் ஒரு மெழுகுதிரி இல்லாமல் இத்தனை வருசம் கிடந்திருக்கிறான். அதற்காக நானும் அழுதேன். ஆனால் இந்த ஆள் அந்தச் செத்தவனுக்காகக் கேட்டாரா? அவளுக்காகக் கேட்டாரா? தன் வாய் ருசிக்காகக் கேட்டார். இரண்டு பேரை உரித்துத் தொங்கவிட்டுவிட்டுச் சாவிக்கு நூல் கட்டிக்கொண்டு நின்றார். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை, அவர் செத்த பிறகும் முடியவில்லை.

விடத்தல்தீவுக்காரர் எழும்பினார். ஹான்டிலைப் பிடித்து, பைக்கை வீதிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஏறினார். அவளைப் பார்க்காமலே, "நீ பஸ்ஸில வா. நான் வளவுக்கு வரேல்லை. பைக்கை வாசலில விட்டுட்டு எங்கயாவது போறன்" என்றார்.

நான் அவள் தோளைப் பிடித்தேன். "கொஞ்சம் இருந்திட்டுப் போம் பிள்ளை, தேத்தண்ணி போட்டுத்தாறன்" என்றேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். நேரே போய், பின் சீட்டில் ஏறி இருந்தாள். வளைந்த மிதியில் காலை வைத்துப் பார்த்தாள்; சறுக்கியது. திரும்ப வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இறங்கு" என்றார் அவர். அழுதுவிட்டார்.

"இறங்கமாட்டன். எங்கயும் போகவும் விடமாட்டன். பிள்ளை அப்பா எங்கையெண்டு கேட்டா நான் என்ன சொல்ல? வந்து நீங்களே சொல்லுங்கோ, இஞ்ச சொன்ன மாதிரி, அவளுக்கு முன்னால நிண்டு சொல்லுங்கோ." இரண்டு கைகளாலும் அவருடைய தோளை இறுக்கிப் பிடித்தாள். "இப்ப ஓடுங்கோ, பெரியத்தான். அண்டைக்கு அவரை ஏத்திக்கொண்டு எப்பிடி ஓடினீங்களோ, அப்பிடியே ஓடுங்கோ. எனக்கு அதைப் பாக்கோணும்."